மூட்டு அக்காவின் பன்னிரண்டு நாள்

மூட்டு அக்கா தன் வாழ்நாளில் மூன்று ஆண்களை அடித்திருக்கிறாள். முதல் ஆள் கட்டிய புருஷன். மூன்று வருஷம் அவன் அடிக்க இவள் வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை, குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவளின் பின்னந்தலையில் அவன் ஒன்று போட்டான். வாயில் நுரையோடு திரும்பியவள் அவன் கையைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினாள். தோள்பட்டை கழன்று கை தொங்கிப்போயிற்று. அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே போனவன், மகள் செத்தாளா பிழைத்தாளா என்று இன்றுவரை கேட்டதில்லை. இரண்டாவது ஆள் கோழிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன். குளிர் அறையில் வைத்து இவள் இடுப்பைக் கிள்ளினான். முன்பல் இரண்டும் போயின. விசாரணையில், ஐஸ் தரையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அவனே எழுதிக் கொடுத்தான். மூன்றாவது ஆளைப் பற்றியதுதான் இந்தக் கதை.

அடிதடியால்தான் அந்தப் பெயர் வந்தது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். அது தவறு. வெட்டு மேசையில் அவளுக்கு நிகர் யாரும் கிடையாது. மற்றவர்கள் எலும்பின்மேல் கத்தியை வைத்து அழுத்துவார்கள். எலும்பு நொறுங்கும், தூள் கறியில் ஒட்டும். இவள் இடது கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவாள். மூட்டு எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். கத்தி சத்தமில்லாமல் உள்ளே போய் வெளியே வரும். நிமிஷத்துக்கு ஏழு கோழி. பதினாறு வருஷம் இதுதான் பிழைப்பு.

கம்பெனிக்குள் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பேச்சுக்கு வேலை இல்லை. தலைக்கு மேலே சங்கிலி ஓடும். சங்கிலியில் கொக்கி, கொக்கியில் தலைகீழாகக் கோழி. முதல் அறையில் கழுத்து அறுபடும், இரண்டாம் அறையில் கொதிநீர்த் தொட்டி, அப்புறம் ரப்பர் விரல்கள் சுழன்று இறகைப் பிய்க்கிற உருளை, அதன் பிறகு குடல் மேசை, வெட்டு மேசை, குளிர் அறை. சங்கிலி யாருக்காகவும் நிற்காது. தும்மல் வந்தால்கூட அடுத்த கோழிக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். தரையில் தண்ணீரும் ரத்தமும் கணுக்கால்வரை. எல்லோருக்கும் ஒரே உடுப்பு: வெள்ளை ரப்பர் அங்கி, முழங்கால் பூட்ஸ், தலையை மூடிய குல்லா, மூக்கு வாய் மறைத்த துணி. கண் மட்டும்தான் வெளியே. பத்து வருஷம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவளைக் கடைத்தெருவில் பார்த்து அடையாளம் தெரியாமல் போனவர்கள் உண்டு.

அந்த உடுப்பால்தான் வினை வந்தது.

குடல் மேசையில் பஞ்சு என்று ஒருத்தி. ஆள் ஊதினால் பறந்துவிடுவாள், அதனால் அந்தப் பெயர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால் நிரந்தரம். அதற்குள் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் கேள்வி கிடையாது, கார்டைக் கிழித்துவிடுவார்கள். அவள் புருஷனும் அதே கம்பெனிதான். பண்ணைகளிலிருந்து லாரியில் வரும் கோழிக் கூண்டுகளை இறக்குகிறவன். கூண்டுக்காரன் என்று கூப்பிடுவார்கள். குள்ளம், ஒல்லி. ஆனால் நாளெல்லாம் கூண்டு தூக்கித் தூக்கி மணிக்கட்டு இரண்டும் உலக்கை மாதிரி ஆகியிருந்தன. வருஷத்தின் இரண்டாவது வாரத்தில், குழம்பில் உப்பு அதிகம் என்றோ இல்லை என்றோ, அந்த உலக்கையால் பஞ்சுவின் காறை எலும்பை ஒடித்தான்.

மறுநாள் ஒரு கையைச் சேலையால் கட்டிக்கொண்டு கம்பெனி வாசலில் நின்றவளைப் பார்த்து மூட்டு அக்கா கையை நீட்டினாள். "உன் கார்டைக் குடு" என்றாள். தன் பெயரில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பஞ்சுவின் கார்டை வருகைக் கடிகாரத்தில் குத்திவிட்டு, பஞ்சுவின் குல்லாவும் துணியும் கட்டிக்கொண்டு குடல் மேசையில் போய் நின்றாள். கொஞ்சம் முழங்காலை மடித்து நின்றாள், உயரம் காட்டிக்கொடுக்கக் கூடாதே என்று. இருபது வேலை நாள். எலும்பு ஒட்டும்வரை.

அப்போது யாருக்கும் நஷ்டமில்லை. பஞ்சுவின் கார்டுக்குச் சம்பளம் வந்தது, இவளுக்கு லீவுச் சம்பளம் வந்தது. மேசையில் இருந்த மற்ற பெண்களுக்கு விஷயம் தெரியும். தெரியும் என்று எவளும் காட்டிக்கொள்ளவில்லை.

லீவு விஷயத்தில் அந்தக் கம்பெனிக்கு ஒரு தனி முறை. வருஷம் பிறந்த அன்றே இருபத்துநாலு நாள் லீவு நிரந்தரமானவர்கள் ஒவ்வொருவர் கார்டிலும் ஏறிவிடும். முதல் மாதமே அத்தனையும் எடுத்துத் தீர்க்கலாம். ஆனால் அது கம்பெனி முன்கூட்டிக் கொடுக்கிற கடன். மாதத்துக்கு இரண்டு நாள் என்று வேலை செய்து அடைக்க வேண்டும். வருஷம் முழுக்க இருந்தால் கடன் தானாகக் கழியும். நடுவில் விட்டுப் போனால், உழைத்த மாதங்களுக்கு உரியது போக மிச்ச நாட்களுக்கான கூலியைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் இது பொடி எழுத்தில் இருக்கிறது. கழுத்தறுக்கப் போகிறவர்கள் அதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று யாரும் படிப்பதில்லை.

மூட்டு அக்காவும் படிக்கவில்லை. நடுவில் விட்டுப் போவோம் என்று அவள் கனவா கண்டாள்? நான்காம் மாதம் சந்தையில் ஒரு கறிக்கடை காலியானது. பழைய கடைக்காரருக்குக் கண் மங்கிவிட்டது. "பதினாறு வருஷம் அடுத்தவனுக்கு வெட்டிட்ட, இனி உனக்கு வெட்டு" என்று அவரே ஆள் அனுப்பினார். மாதக் கடைசிச் சனிக்கிழமை மதியத்துக்குள் முன்பணம் வைக்க வேண்டும். தவறினால் பக்கத்து மீன்காரனுக்குப் போய்விடும். சேமிப்பு, நகை அடகு, கடைசிச் சம்பளம், எல்லாம் கூட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. நோட்டீஸ் கொடுத்தாள்.

வியாழக்கிழமை டைம் ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து செட்டில்மெண்ட் தாள் வந்தது.

"சார், இது என்ன பிடித்தம்? பன்னெண்டு நாள்?"

டைம் ஆபீஸ்காரர் தலையை நிமிர்த்தவில்லை. "இந்த வருஷம் இருபது நாள் லீவு எடுத்திருக்கீங்க. நாலு மாசத்துக்கு எட்டு நாள்தான் உங்களுது. இருபதுல எட்டு போனா?"

"கழிக்கத் தெரியும் எனக்கு."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கறீங்க?"

"நான் லீவே எடுக்கல சார்."

இப்போது அவர் நிமிர்ந்தார். "நீங்க எடுக்கலன்னா உங்க கார்டு தனியா கிளம்பி ஊர் சுத்திட்டு வந்துச்சா?"

"இருபது நாளும் இங்கதான் இருந்தேன்."

"எங்க? எந்த மேசைல? யார் பாத்தாங்க? சொல்லுங்க, அழிச்சு எழுதறேன். எனக்கென்ன வந்துச்சு."

வாயைத் திறந்தாள். கதவுக்கு அப்பால், குடல் நிறைந்த தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஞ்சு போவது தெரிந்தது. ஒரு தோள் மட்டும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. நிரந்தரம் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான். வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கை கேட்கவில்லை. முஷ்டியால் விட்ட குத்தில் கண்ணாடி மூலைக்கு மூலை கீறல் விட்டது.

"இதுக்கும் சேத்துப் பிடிப்பேன்" என்றார் அவர், நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிக்கொண்டு. ஆனால் பிடிக்கவில்லை. பயந்த ஆள், அவ்வளவுதான், கெட்டவர் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் சோறு இறங்கவில்லை. ஒரே அறை, அடுப்பும் கட்டிலும் துணிக் கொடியும் அதற்குள்ளேயே. மகள் போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறவள், தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் படித்தாள்.

"சட்டப்படி சரியாத்தாம்மா பிடிச்சிருக்கான். நீ உண்மையைச் சொன்னா இவன் திருப்பிக் குடுக்கணும், எட்டு நாளுக்குக் காசும் மேல தரணும். சொல்லிட்டா அந்தப் பஞ்சு வெளியே போகணும். ஆள் மாத்தி நின்னதுக்கு உன் மேலயும் கேசு போடலாம்."

"யார்கிட்டயாவது கைமாத்து கேக்கலாமா?"

"யார் மிச்சம் இருக்கா? எல்லார்கிட்டயும் வாங்கியாச்சு. இனிமே கோழிகிட்டதான் கேக்கணும்."

கதவு தட்டப்பட்டது. பஞ்சு நின்றாள். கம்பெனியில் செய்தி பரவ எவ்வளவு நேரமாகும். உள்ளே வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, நான் நாளைக்குக் காலைல போயி சொல்லிடறேன். என்னால உங்க கடை போக வேண்டாம். எனக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்கும்."

விழுந்தது ஒரு அறை. பஞ்சு சுவரில் போய் மோதினாள். அலமாரியில் இருந்த டம்ளர் உருண்டு விழுந்து சுற்றிச் சுற்றி நின்றது.

"இருபது நாள் காலை மடக்கி நின்னு குடலை அள்ளினது எதுக்குடி? நீ நிமிந்து நிக்கணும்னுதானே? நீ போயி அதைக் கொட்டிக் கவுத்துடுவியா?"

"அம்மா!" மகள் எழுந்துவிட்டாள். "அங்க அவன் அடிக்கறான், இங்க நீ அடிக்கற. அவ உடம்பு என்ன மத்தளமா? எலும்பை ஒடிச்சது அவன், ஆஸ்பத்திரிச் செலவு இவ, லீவு நீ, பிடிக்கறது கம்பெனி. ஒடிச்சவன் மட்டும் ஜாலியா இருக்கான். பில்லை அவன்கிட்டல்ல நீட்டணும்?"

மகள் ஆத்திரத்தில் சொன்னதுதான். ஆனால் மூட்டு அக்கா அதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றாள். பிறகு குனிந்து டம்ளரை எடுத்து வைத்தாள். பஞ்சுவின் கன்னத்தை ஒரு முறை தடவினாள். தட்டை இழுத்து வைத்துக்கொண்டு ஆறிப்போன சோற்றை முழுக்கச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, வெளிச்சம் நன்றாக வந்தபின் லாரி மேடைக்குப் போனாள். கூண்டுகள் அடுக்கடுக்காக இறங்கிக்கொண்டிருந்தன. கூண்டை இழுக்க இரும்புக் கம்பி வைத்திருப்பார்கள், நுனி கொக்கியாக வளைந்தது. கூண்டுக்காரன் அதைத் தோளில் சாத்திக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"உன் பொண்டாட்டி எலும்பு ஒட்டறதுக்கு நான் இருபது நாள் நின்னேன். அதுல பன்னெண்டு நாளை என் சம்பளத்துல பிடிக்கறான். அந்தப் பன்னெண்டு நாள் உன் கணக்கு. எடு."

சுற்றி இருந்த ஆட்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "அக்கா, காலைலயே ஊத்திட்டு வந்திருக்கீங்களா? என் பொண்டாட்டி, நான் ஒடிப்பேன், ஒட்டுவேன். நடுவுல உங்களை யாரு நிக்கச் சொன்னது?"

"எடுடா."

"போ கிழவி."

அவள் அவன் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கி அவன் சட்டைப் பைக்குள் போட்டாள். அவன் துள்ளிக் குதித்துப் பையைத் தட்டிவிட்டு, அதே வேகத்தில் கம்பியை வீசினான். இடது முன்கையைக் குறுக்கே நீட்டினாள். கொக்கி சதைக்குள் இறங்கியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பாதி தூரம் கிழித்துக்கொண்டு வந்தது. சிரித்தவர்கள் வாய் மூடினார்கள். வேறொருத்தியாக இருந்தால் கையைப் பின்னுக்கு இழுத்திருப்பாள். இவள் கையை முன்னுக்குத் தள்ளினாள், கொக்கியோடு. கம்பி நீண்டிருக்க, ஆள் அவனுக்கு நெஞ்சுக்கு நெஞ்சு வந்துவிட்டாள். நெற்றியால் அவன் மூக்கில் ஒரு முட்டு. எலும்பு நொறுங்குகிற சத்தம் லாரிக்கு அந்தப் பக்கம் நின்ற டிரைவருக்கே கேட்டதாம்.

அவன் கூண்டுகளின்மேல் சரிந்தான். ஒரு கூண்டு உடைந்து கோழிகள் கத்திக்கொண்டு சிதறின. எழப்பார்த்தவனின் கழுத்தில் பூட்ஸ் காலை வைத்தாள். அவன் அவள் காலைக் கடித்தான். ரப்பர்தான் வாய்க்குள் போயிற்று. கையிலிருந்து வழிந்த ரத்தம் அவன் முகத்தில் சொட்டியது. அவன் ரத்தமும் இவள் ரத்தமும் கலந்து எது யாருடையது என்று தெரியவில்லை.

"காசு எடு."

"இல்லக்கா... சத்தியமா இல்ல. சீட்டாட்டத்துல போயிடுச்சு. பையைப் பாருங்க."

"பைல இல்ல. உன் கார்டுல இருக்கு."

அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கூண்டுக்காரன் இரண்டு வருஷமாக ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. காய்ச்சலிலும் வருவான். வேலையின்மேல் அப்படியொரு பக்தி என்று மேனேஜர்கூடப் பாராட்டியிருக்கிறார். உண்மை என்னவென்றால், தினமும் இரண்டு கோழி 'வழியில் செத்தது' என்று கணக்கில் எழுதப்பட்டு, உயிரோடு வேலிக்கு அந்தப் பக்கம் போகும். ஒரு நாள் லீவு போட்டால் இரண்டு கோழி நஷ்டம். எடுக்காத லீவு கார்டில் சேர்ந்துகொண்டே போகும். அதற்குக் காசு எப்போது கிடைக்கும்? வேலையை விடும்போது மட்டும். லோடிங் ஆட்களுக்கு நோட்டீஸ் காலமும் கிடையாது; எழுதிக் கொடுத்த அன்றே கணக்கு முடித்துவிடுவார்கள்.

"வா, வந்து எழுதிக் குடு. இல்ல, செத்த கோழி எல்லாம் எந்த வேலியைத் தாண்டிப் போச்சுன்னு மேனேஜர்கிட்ட நான் எழுதிக் குடுக்கறேன்."

டைம் ஆபீஸ்காரர் கீறல் கண்ணாடி வழியாக இரண்டு பேரையும் பார்த்தார். ஒருவனுக்கு மூக்கு கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஒருத்தியின் கையில் சுற்றிய துணி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?"

"கூண்டு இடிச்சிருச்சு சார்" என்றான் அவன்.

"உங்களுக்கு?"

"அதே கூண்டுதான்" என்றாள் அவள்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேள்வி கேட்கிற கண்ணாடி நேற்றே பாதி உடைந்துவிட்டது. தாளை நீட்டினார், அவன் எழுதினான். நாற்பத்தெட்டு நாள் லீவு மிச்சம். பணம் வந்தது. ஜன்னல் விளிம்பிலேயே வைத்துத் தன் கூலிக் கணக்கில் பன்னிரண்டு நாளை எண்ணி எடுத்துக்கொண்டாள். மிச்சத்தை அவன் சட்டைப் பைக்குள், பீடி சுட்ட ஓட்டைக்குப் பக்கத்தில் செருகினாள். ஒரு நோட்டும் கூடுதலாக எடுக்கவில்லை, அதில் அவளுக்கு ஒரு பெருமை.

கையில் ஒன்பது தையல் போட்டார்கள். பகல் ஷிப்ட் முடிகிற நேரத்தில் குடல் மேசைக்குப் போனாள். சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சுவின் காதருகே குனிந்தாள்.

"வசூல் பண்ணிட்டேன்டி. அவன் லீவுக் காசுலேந்தே."

"அது வேலையை விட்டாத்தானே தருவாங்க?"

"விட வச்சேன்."

பஞ்சுவின் கை நின்றது. ஒரு கோழி குடலோடு அவளைத் தாண்டிப் போனது. இன்னொன்றும் போனது. துணிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

"அக்கா, அவன் காலைல அஞ்சு மணிக்குப் போவான், ராத்திரிச் சோத்துக்குத்தான் வருவான். நான் சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்குப் போயி கதவைத் தாழ் போட்டுட்டு மூணு மணி நேரம் படுப்பேன். அந்த மூணு மணி நேரம்தான் நான் உசிரோட இருக்கறது." கை மறுபடி வேலையைத் தொடங்கிவிட்டது. "இனிமே நான் போறப்பவே வீட்ல இருப்பான்ல?"

மூட்டு அக்கா தன் இடது கட்டைவிரலைப் பார்த்தாள். பதினாறு வருஷமாக மூட்டைத் தவறவிடாத விரல். இதை எப்படித் தவறவிட்டாள்? காசு எங்கே இருக்கிறது என்று தேடினாளே தவிர, ஆள் எங்கே போவான் என்று யோசிக்கவே இல்லை.

நாலு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். மாடிப்படி ஏறும்போதே சாராய வாடை இறங்கி வந்தது. பஞ்சுதான் முதலில் கதவைத் தள்ளினாள். உள்ளே அவன் காத்திருந்தான். கையில் கதவுத் தாழ்ப்பாளின் இரும்பு, கழற்றி வைத்திருந்தான். முதல் அடி பஞ்சுவின் வாயில் விழுந்தது, உதடு பிளந்தது. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது அந்தக் கை இறங்கவில்லை. பின்னாலிருந்து மூட்டு அக்கா பிடித்திருந்தாள்.

நாற்காலி உடைந்தது. அடுப்பிலிருந்த பாத்திரம் கவிழ்ந்தது. ஒரு கையில் தையலை வைத்துக்கொண்டு, ஒரு கையால் மட்டும் அவனைச் சுவரில் அறைந்தாள், மறுபடி அறைந்தாள், சுண்ணாம்பு உதிர்ந்தது. தையல் பிரிந்து ரத்தம் பீறிட்டது. பக்கத்து வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கடைசியில் அவன் குப்புறக் கிடந்தான், இவள் முழங்கால் அவன் முதுகில், அவன் வலது கை முறுக்கிய நிலையில் இவள் பிடியில். கட்டைவிரல் தானாகவே போய்த் தோள் குழியைத் தடவியது. இன்னும் ஒரு விரற்கடை திருப்பினால் போதும்.

"ஒடிங்கக்கா" என்றாள் பஞ்சு, ரத்தத்தைத் துப்பிவிட்டு. அவள் குரல் அப்படி இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு, "வேண்டாம், வேண்டாம். ஒடிச்சா ஆறு வாரம் இங்கயே கிடப்பான். நான்தான் சோறு ஊட்டணும்" என்றாள்.

மூட்டு அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் பிடி தளரவில்லை.

"அப்ப நீ கிளம்புடி. என் வீட்டுக்கு வா."

"நான் எதுக்குக் கிளம்பணும்? வாடகை நான் கட்டறேன். முன்பணம் நான் கட்டினது. இவன்தான் போகணும்."

"எங்க போவேன்?" என்றான் அவன், தரையோடு ஒட்டிய வாயால். "வேலையைத்தான் பிடுங்கிட்டாளே இந்தப் பேய். எவன் குடுப்பான் எனக்கு வேலை?"

பஞ்சு சேலைத் தலைப்பால் உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"அக்கா, உங்க கடைக்கு ஆள் வேணுமில்ல?"

"இவனையா? இவன் கைல கத்தியைக் குடுத்துட்டு நான் எப்படிடி குனிவேன்?"

"குனியாதீங்க. பகல் பூரா உங்ககிட்ட நிக்கட்டும். நான் ராத்திரி ஷிப்டுக்கு எழுதிக் குடுத்துடறேன். இவன் வர்றப்ப நான் கிளம்பிடுவேன். நான் வர்றப்ப இவன் கிளம்பிடணும். ஒரு நாள் அந்த நேரத்தைத் தப்பினாலும்..." அவள் குனிந்து, அவன் கையிலிருந்து விழுந்த இரும்பை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முன்பணம் கைமாறியது. நோட்டுகளில் ரத்தக் கறை இருப்பதைப் பழைய கடைக்காரர் மங்கிய கண்ணால் பார்க்கவில்லை, விரலால் தடவித் தெரிந்துகொண்டார். "கறிக்கடைக் காசுதானே" என்றார். மீன்காரன் மூன்று நாள் பேசவில்லை.

திங்கட்கிழமை அவன் வந்தான். வராமல் என்ன செய்வான், வாங்கின காசு இரண்டு ராத்திரிச் சீட்டில் கரைந்திருந்தது. மூக்கின்மேல் பிளாஸ்திரி. மூட்டு அக்கா அவனுக்குக் கடையின் உட்புறக் கட்டையைக் கொடுத்தாள்; தான் வெளிப்புறம், அவனைப் பார்த்தபடி. கூலியை அன்றன்றைக்கே எண்ணிக் கொடுத்துவிடுவேன் என்றாள். பாக்கி, முன்கடன், பிடித்தம், எதுவும் இந்தக் கடையில் கிடையாது.

மூன்று வாரம் போயிற்று. பேச்சு குறைவு. கறி வாங்க வருகிறவர்கள், "உன் தம்பியாம்மா?" என்று கேட்டால், "தம்பியா இருந்தா எப்பவோ கொன்னுருப்பேன்" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிப்பதில்லை. வேலை கற்றுக்கொண்டான், அதைச் சொல்லத்தான் வேண்டும். எலும்புத் தூள் குறைந்தது.

நான்காவது வாரம் ஒரு பகல், வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அவன் கத்தியை வைக்காமலே சொன்னான்.

"எனக்கு அரை நாள் லீவு வேணும்."

"எதுக்கு?"

"வீட்டுக்குப் போகணும்."

"அவ தூங்கறா."

"என் வீடு. என் பொண்டாட்டி. நான் போவேன். உன்னால என்ன பண்ண முடியும்?"

அவள் தன் கத்தியைக் கட்டையில் வைத்தாள். தையல் போட்ட கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. அதைக் கொண்டுபோய் வாசல் நிலையில் ஊன்றினாள். அவன் போக வேண்டுமானால் அந்தக் கைக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கட்டை, கட்டையில் பாதி வெட்டிய கோழி, இரண்டு கத்தி. அவன் கையில் ஒன்று இருந்தது. அவன் அவள் கையைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான். ஈ ஒன்று கோழியின்மேல் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்தது. மீன்காரன் வெளியே பேச்சை நிறுத்திவிட்டான்.

"ஏம்மா, ஒன்றரைக் கிலோ. தோல் உரிச்சு, சின்னதா வெட்டணும்" என்றாள் வாசலில் வந்து நின்ற ஒருத்தி, பையை விரித்தபடி.

யாரும் அசையவில்லை.

"அம்மா, உங்களைத்தான். சின்னதா."

அவன் மூச்சை விட்டான். கோழியைத் தன் பக்கம் இழுத்தான். இடது கட்டைவிரலால் தடவி இடத்தைப் பார்த்து, கத்தியை இறக்கினான். அந்தப் பெண் காசு கொடுத்து, சில்லறை வாங்கி, தெருமுனை திரும்பிப் போகும்வரை மூட்டு அக்கா நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை.